பார்க் ஜூ-போங் ஜப்பானில் மாற்றியது எதை?

கேள்வி இதுதான்: ஆடும் காலத்தில் கொடிகட்டிப் பறந்த இறகுப்பந்து வீரர்கள் பலர் பயிற்சியாளரான பிறகு சோபிக்கவில்லை. தென்கொரியாவின் பார்க் ஜூ-போங் மட்டும் வெளிநாடான ஜப்பானுக்குப் போய் எப்படி வென்றார்? தன் ஆட்டத்தை அப்படியே சொல்லிக்கொடுத்தாரா?

சொல்லிக்கொடுத்தார், ஆனால் அது பாதிக்கும் குறைவு. ஜப்பானில் அவர் முதலில் கைவைத்தது மட்டையைப் பிடிக்கும் விதத்தில் அல்ல, வீரர்களின் நாட்காட்டியில். வருடத்தில் எத்தனை நாள் அவர்கள் தேசிய அணியின் கையில் இருக்கிறார்கள், எந்தப் போட்டிக்குப் போகிறார்கள், யாரோடு மோதிப் பழகுகிறார்கள் என்பதை மாற்றினார். ஷட்டில் அடிப்பது பற்றிய அவருடைய அறிவு அதற்குப் பிறகுதான் வேலை செய்தது. இதைப் புரிந்துகொள்ள அவர் ஆடிய காலத்திலிருந்து வரவேண்டும்.

பார்க் 1964-ல் பிறந்தவர். ஒற்றையர் ஆட்டக்காரர் அல்ல. ஆண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் இரண்டிலும் ஒரே சமயத்தில் உலகின் உச்சியில் இருந்தவர். உலகச் சாம்பியன் பட்டம் மட்டும் ஐந்து. 1985-ல் கால்கரியில் கிம் மூன்-சூவோடு ஆண்கள் இரட்டையர், யூ சாங்-ஹீயோடு கலப்பு இரட்டையர். 1989-ல் ஜகார்த்தாவில் சுங் மியுங்-ஹீயோடு கலப்பு இரட்டையர். 1991-ல் கோபன்ஹேகனில் மறுபடி இரண்டும். அந்த 1991 இறுதிப் போட்டிகள் இரண்டிலும் எதிரே நின்றவர்களில் ஒருவர் டென்மார்க்கின் தாமஸ் லுண்ட். சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் ஒரே மனிதரிடம் இரண்டு முறை தோற்பது லுண்டுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆல் இங்கிலாந்து என்ற பழம்பெரும் போட்டியின் கணக்கு இன்னும் பெரிது: ஒன்பது பட்டம். ஆண்கள் இரட்டையர் 1985, 1986, 1989, 1990. இதில் 1989-ல் மட்டும் துணை லீ சாங்-போக், மற்ற மூன்றும் கிம் மூன்-சூவோடு. கலப்பு இரட்டையர் 1986, 1989, 1990, 1991 நான்கும் சுங் மியுங்-ஹீயோடு. 1996-ல் ரா கியுங்-மின்னோடு. கூட்டாளி மாறியும் வென்றார் என்பதைக் கவனியுங்கள். இரட்டையரில் நல்ல ஜோடி அமைந்து வெல்வது ஒன்று; யாரோடு நிறுத்தினாலும் அந்த ஜோடியை ஒழுங்குக்குக் கொண்டுவருவது வேறு. பயிற்சியாளருக்கு வேண்டியது இரண்டாவது.

இறகுப்பந்து முறையான ஒலிம்பிக் ஆட்டமானது 1992 பார்சிலோனாவில். அங்கே ஆண்கள் இரட்டையர் இறுதியில் பார்க் ஜூ-போங்கும் கிம் மூன்-சூவும் இந்தோனேசியாவின் எடி ஹார்டோனோ, ரூடி குனாவன் ஜோடியை நேர் கேம்களில் வீழ்த்தித் தங்கம் வென்றார்கள். அந்த ஆண்டு கலப்பு இரட்டையர் ஒலிம்பிக்கில் கிடையாது. அது 1996 அட்லாண்டாவில்தான் சேர்ந்தது. ஓய்வு பெற்றிருந்த பார்க் அதற்காகவே திரும்பி வந்தார். ரா கியுங்-மின்னோடு இறுதிவரை போய், சக நாட்டு ஜோடியான கிம் டோங்-மூன், கில் யங்-ஆவிடம் மூன்று கேம்களில் தோற்று வெள்ளி வாங்கினார். கிம் டோங்-மூன் என்ற பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

அவர் ஆட்டத்தில் என்ன விசேஷம்? கிம் மூன்-சூ பின்னாலிருந்து ஸ்மாஷ் (மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிப்பது) அடிப்பார், பார்க் முன்னால் நின்று முடிப்பார். பொதுவாகப் பார்ப்பவர் கண் ஸ்மாஷ் அடிப்பவர் மேல்தான் இருக்கும். இரட்டையரில் புள்ளி பெரும்பாலும் முன்னால் நிற்பவர் கையில்தான் விழுகிறது. ஸ்மாஷை எதிராளி தடுத்துத் திருப்பும் அந்தத் தளர்ந்த பந்தை, அது வலையைத் தாண்டி இறங்குவதற்குள் பிடித்து அமுக்க வேண்டும். சர்வீஸ் கோடு வலையிலிருந்து 1.98 மீட்டர். முன் ஆட்டக்காரர் நிற்க வேண்டிய இடம் அந்தக் கோடும் நடுக்கோடும் சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால். மட்டையின் தலை வலையின் மேல்விளிம்புக்குக் கீழே இறங்கவே கூடாது.

நம் ஊர்க் கிளப்களில் நடக்கும் இரண்டு தவறுகளை இங்கே சொல்லிவிடலாம். ஒன்று, வலையை ஒட்டிப் போய் நிற்பது. அங்கே நின்றால் வலையோரம் விழும் பந்து மட்டும்தான் எட்டும்; இடுப்பு உயரத்தில் வேகமாகத் திரும்பும் பந்து காதோரம் பறந்து போய்விடும், பின்னால் இருப்பவர் தடுமாறுவார். இரண்டாவது, துணை ஸ்மாஷ் அடிப்பதைத் திரும்பிப் பார்ப்பது. பார்க்க வேண்டியது எதிராளியின் மட்டை முகத்தை. துணை எங்கே அடிக்கிறார் என்பது எதிராளியின் உடல் போகும் பக்கத்திலேயே தெரிந்துவிடும். திரும்பிப் பார்த்தால் அரை நொடி போச்சு. இரட்டையரில் அரை நொடி என்பது ஒரு முழு அடி.

கலப்பு இரட்டையரில் அவர் செய்தது இன்னும் நுணுக்கம். வழக்கப்படி பெண் முன்னால், ஆண் பின்னால். இதை முறிக்க எதிரணி எப்போதும் செய்வது, பெண்ணைப் பின்மூலைக்கு இழுத்து அங்கிருந்து அடிக்க வைப்பது. பார்க் அந்த நேரத்தில் பதறி அவரை முன்னால் அனுப்பப் பார்க்கமாட்டார். தானே முன்னுக்குப் போய் ரேலியை, அதாவது ஒரு புள்ளிக்காக மாறி மாறி அடிக்கும் தொடரை, அங்கிருந்து நடத்துவார். ஆண்கள் இரட்டையரின் முன்கள ஆட்டம் அவர் கையில் இருந்ததால் இது சாத்தியமானது. பிற்காலத்தில் ஜப்பான் மகளிர் இரட்டையரில் தெரிந்ததும் இதே இடமாற்றம்தான் என்பது என் கணிப்பு.

அந்தக் காலத்துப் புள்ளிமுறையையும் சொல்ல வேண்டும். 15 புள்ளி ஆட்டம். சர்வீஸ் போடும் பக்கத்துக்கு மட்டுமே புள்ளி. சர்வீஸ் கையில் இருக்கும்போது ரேலியைத் தோற்றால் புள்ளி போகாது, சர்வீஸ்தான் கைமாறும். இரட்டையரில் ஒரு பக்கத்தின் இருவரும் அடுத்தடுத்து சர்வீஸ் போடலாம். அதனால் சர்வீஸ் கையில் இருக்கும் ஜோடி துணிந்து அடித்துப் பார்க்கலாம், தவறினாலும் பெரிய நஷ்டம் இல்லை. 2006-ல் 21 புள்ளி முறை வந்தது: யார் சர்வீஸ் போட்டாலும் ரேலியை வென்றவருக்குப் புள்ளி. தேவையற்ற தவறு ஒவ்வொன்றும் எதிராளிக்குக் கொடுக்கும் தானம் ஆனது. தவறு செய்யாமல் நீண்ட ரேலி ஆடும் பழக்கமுள்ள ஜப்பானியப் பெண்களுக்கு இந்த முறை தோதாக அமைந்தது. பார்க்கின் புகழில் ஒரு சிறு பங்கை இந்த விதி மாற்றத்துக்கும் கொடுக்கலாம்.

ஓய்வுக்குப் பின் முதலில் இங்கிலாந்து, அடுத்து மலேசியா. இரண்டையும் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அவர் தங்கிய காலம் குறைவு. ஆனால் அங்கே கற்றது ஒன்று இருக்க வேண்டும்: இங்கிலாந்தும் மலேசியாவும் தென்கொரியா அல்ல. தென்கொரியாவில் அப்போது தேசிய வீரர் என்றால் சியோலின் தேரூங் விளையாட்டுக் கிராமத்தில் தங்கி, சொன்னதைச் செய்பவர். வெளிநாட்டில் வீரருக்கு வேறு எஜமானர்கள் உண்டு.

ஜப்பானில் அந்த எஜமானர்கள் கம்பெனிகள். அங்கே நல்ல வீரர் பள்ளி, பல்கலைக்கழகம் முடித்ததும் ஒரு நிறுவன அணியில் ஊழியராகச் சேர்வார். சம்பளம், பயிற்சிக்கூடம், கோச், எதிர்காலம் எல்லாம் நிறுவனத்துடையது. அந்த நிறுவன அணிகளுக்குள் நடக்கும் உள்நாட்டுப் போட்டிதான் முக்கியம். தேசிய அணி என்பது பெரிய போட்டிக்கு முன்னால் சில நாள் கூடிப் பிரியும் கூட்டம். தேசிய கோச் என்றால் விமானத்தில் கூடப் போகும் ஆள் என்ற அளவுதான். பார்க் 2004-ல் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது நிலைமை இப்படித்தான் இருந்தது. அந்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு இறகுப்பந்தில் பதக்கமே இல்லை. அதுவரை எந்த ஒலிம்பிக்கிலும் இல்லை.

ஜப்பானுக்கு ஆட்டம் தெரியாமல் இல்லை. மகளிர் அணிகளுக்கான ஊபர் கோப்பையை 1966 முதல் 1981 வரை ஐந்து முறை வென்ற நாடு அது. ஹிரோயே யுகி ஆல் இங்கிலாந்து ஒற்றையரை நான்கு முறை வென்றவர். ஆற்றல் இருந்தது, அதை வளர்க்கும் அமைப்பு நின்றுபோயிருந்தது. சீனாவும் தென்கொரியாவும் இந்தோனேசியாவும் முழுநேர தேசிய முகாம் நடத்தும்போது, வருடத்தில் சில வாரம் கூடும் அணி பின்தங்கத்தான் செய்யும்.

பார்க் கேட்டது எளிது, கிடைப்பதுதான் கஷ்டம்: நாட்கள். நிறுவனங்களிடம் பேசிப் பேசி தேசிய முகாம்களை நீட்டினார். ஜப்பானிய மொழியைக் கற்றுக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கம்பெனி கோச்சோடும் வீரரோடும் நேரில் பேச முடிந்தது. வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். ஆட்டத்தில் கோச்சுக்குக் கிடைக்கும் நேரம் 11 புள்ளி இடைவேளையில் 60 நொடி, கேம்களுக்கு இடையே 120 நொடி. நடுவில் ஒருவர் நின்று மொழிபெயர்த்தால் அந்த 60 நொடி 30 ஆகிவிடும். அந்த 30-லும் சொன்னது ஒன்று, போய்ச் சேர்ந்தது ஒன்றாக இருக்கும்.

2008-ல் டோக்கியோவில் தேசியப் பயிற்சி மையம் திறந்தது அவருக்குப் பெரிய துணை. தங்குமிடம், உணவு, மருத்துவம், கோர்ட் எல்லாம் ஒரே வளாகத்தில். பிறகு பிரிவுவாரியாகத் தனித்தனிக் கோச்: ஆண்கள் ஒற்றையர், மகளிர் ஒற்றையர், மூன்று இரட்டையர் பிரிவுகள் என்று. இதில் அவர் ஜப்பானியர் மட்டும் என்று நிற்கவில்லை. கலப்பு இரட்டையருக்கு மலேசியாவின் ஜெரமி கான் வந்தது 2018-ல். கலப்பு இரட்டையரில் தானே உலகப் புகழ் பெற்றவர், அந்தப் பிரிவையே இன்னொருவர் கையில் கொடுக்கிறார்! பெரிய வீரர்கள் பலருக்கு வராத குணம் இது.

இனி பயிற்சிக்கூடத்துக்குள் வருவோம். கொரிய இரட்டையர் பயிற்சியின் முதுகெலும்பு மூன்று பேருக்கு எதிராக இரண்டு பேர். ஒரு பக்கம் மூவர்: இருவர் பின்னால் நின்று மாறி மாறி அடிப்பார்கள், ஒருவர் முன்னால். மறுபக்கம் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்று தடுப்பார்கள். அடிப்பவருக்கு மூச்சு வாங்காது, தடுப்பவருக்கு ஓய்வே கிடையாது. சாதாரண ஆட்டத்தில் மூன்று ஸ்மாஷுக்குப் பிறகு எதிராளி தளர்வார். இங்கே பத்தாவதும் அதே வேகத்தில் வரும். இதை உங்கள் கிளப்பில் செய்து பார்ப்பதாக இருந்தால் ஐந்து நிமிடச் சுற்றுகளாகப் பிரித்து, தடுக்கும் ஜோடியை மாற்றிக்கொண்டே போங்கள். ஷட்டில் கைவசம் இரண்டு டஜனாவது இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தால் பயிற்சியின் உயிரே போய்விடும்.

இதில் கெட்டுப்போவது எங்கே என்றால், தடுப்பவர்கள் தப்பித்தால் போதும் என்று ஒவ்வொரு பந்தையும் உயரத் தூக்கத் தொடங்கும்போது. அதுவும் பின்கோடு வரை போகாமல் நடுக்கோர்ட்டில் விழும் அரைகுறைத் தூக்கல். அப்போது தடுப்புப் பயிற்சி என்ற பெயரில் எதிராளிக்கு ஸ்மாஷ் பயிற்சிதான் நடக்கும். விதி ஒன்று வையுங்கள்: மூன்று பந்தில் ஒன்றையாவது தாழ்வாக, முன்னால் நிற்பவருக்கு எட்டாமல் பக்கவாட்டில் தள்ள வேண்டும். மட்டையை முழங்காலுக்கு அருகே தொங்கவிட்டால் இது வராது. தொப்புள் உயரத்தில், உடலுக்கு முன்னால், பின்கைப் பிடியில் (பேக்ஹேண்ட்) தயாராக இருக்க வேண்டும்.

பலன் வரிசையாக வந்தது, ஆனால் உடனே அல்ல. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மகளிர் இரட்டையரில் மியுகி மயேடா, சடோகோ சுயட்சுனா ஜோடி காலிறுதியில் முதல்நிலைச் சீன ஜோடியான யாங் வெய், ஜாங் ஜியேவெனை வெளியேற்றி நான்காம் இடம் பிடித்தது. 2012 லண்டனில் மிசுகி ஃபுஜி, ரெய்கா ககிவா வெள்ளி; ஜப்பானின் முதல் ஒலிம்பிக் இறகுப்பந்துப் பதக்கம். பொறுப்பேற்று எட்டு வருடம் கழித்து! நம் ஊர்ச் சங்கங்களில் எட்டு வருடம் ஒரு கோச்சை யார் விட்டுவைப்பார்கள்?

2014-ல் தாமஸ் கோப்பை. இது நடந்தது டெல்லியில், சிரி ஃபோர்ட் அரங்கில். அரையிறுதியில் சீனாவை 3-0 என்று வீழ்த்திய ஜப்பான், இறுதியில் மலேசியாவை 3-2 என்று வென்றது. முதல் ஆட்டத்தில் லீ சோங் வெய் மலேசியாவுக்கு வெற்றி தேடித்தந்தார். 2-2 என்று வந்து நின்றபோது ஐந்தாவது ஆட்டத்துக்கு இறங்கியவர் டகுமா உயெடா. எதிரே லியூ டேரன். உயெடா வென்றார். ஆண்கள் அணிக் கோப்பை ஜப்பானுக்கு அதுதான் முதல் முறை. முதல் ஒற்றையர் தோற்றாலும் மற்ற இடங்களில் ஆள் இருந்தது என்பதே அந்த வெற்றியின் சூட்சுமம். ஒரே நட்சத்திரத்தை நம்பிய அணியும் பத்துப் பேரைச் சமமாக வளர்த்த அணியும் மோதினால் ஐந்தாவது ஆட்டத்தில்தான் வித்தியாசம் தெரியும்.

2016 ரியோவில் மகளிர் இரட்டையரில் மிசாகி மட்சுடோமோ, அயாகா தகாஹாஷி தங்கம். நொசோமி ஒகுஹாரா ஒற்றையரில் வெண்கலம். 2017-ல் கிளாஸ்கோ உலகச் சாம்பியன் போட்டி இறுதியில் அதே ஒகுஹாரா பி.வி.சிந்துவை 21-19, 20-22, 22-20 என்று 110 நிமிடம் ஆடி வென்றதை இந்திய ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2018-ல் ஊபர் கோப்பை 37 வருடத்துக்குப் பிறகு திரும்ப வந்தது. அதே ஆண்டு கென்டோ மொமோட்டா ஆண்கள் ஒற்றையர் உலகச் சாம்பியன். 2021-ல் டகுரோ ஹோக்கி, யூகோ கோபயாஷி ஆண்கள் இரட்டையர் உலகச் சாம்பியன். பார்க்கின் சொந்தப் பிரிவில் ஜப்பானுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. 2016-ல் மொமோட்டா சட்டவிரோதச் சூதாட்ட விடுதிக்குப் போனது வெளிவந்து ரியோ வாய்ப்பு பறிபோனது. முகாமை எவ்வளவு நீட்டினாலும் முகாமுக்கு வெளியே உள்ள நேரத்தைக் கோச்சால் காக்க முடியாது. டோக்கியோ ஒலிம்பிக் அதைவிடப் பெரிய அடி. சொந்த மண், எல்லாப் பிரிவிலும் பதக்க நம்பிக்கை. கடைசியில் கிடைத்தது கலப்பு இரட்டையரில் யூடா வடனாபே, அரிசா ஹிகாஷினோவின் வெண்கலம் ஒன்றே. 2019-ல் 11 பட்டம் வென்ற மொமோட்டா, 2020 ஜனவரியில் மலேசியாவில் கார் விபத்தில் அடிபட்டு, டோக்கியோவில் குழு ஆட்டத்திலேயே கொரியாவின் ஹியோ குவாங்-ஹீயிடம் தோற்றார். மகளிர் இரட்டையர் வீராங்கனை சயாகா ஹிரோட்டா முழங்கால் காயத்தோடு பட்டை கட்டிக்கொண்டு ஆடினார்.

இன்னொரு காரணம் அமைப்பிலேயே இருந்தது. இரட்டையரில் ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் இரண்டு ஜோடிதான், அதுவும் இரண்டும் உலக வரிசையில் முதல் எட்டுக்குள் இருந்தால். ஜப்பானிடம் உலகத்தரத்தில் மூன்று மகளிர் ஜோடி இருந்தது. அந்த இரண்டு இடத்துக்காக தங்களுக்குள்ளேயே வருடக்கணக்கில் ஊர் ஊராகப் போய்ப் புள்ளி சேர்த்தார்கள். ரியோ தங்கம் வென்ற ஜோடிக்கே இடம் கிடைப்பது சந்தேகமாகி, தகாஹாஷி 2020-ல் ஓய்வு பெற்றார். உள்நாட்டுப் போட்டி அணியை வளர்க்கும். அளவு மீறினால் ஆளைத் தின்றுவிடும். இந்தக் கத்தியின் இரண்டு பக்கத்தையும் பார்க் பார்த்துவிட்டார்.

2024 பாரிஸில் கிடைத்த இரண்டு வெண்கலத்துக்குப் பிறகு அவருடைய ஜப்பான் காலம் முடிவுக்கு வந்தது. ஏறத்தாழ 20 வருடம். 2025 ஏப்ரலில் தென்கொரியாவின் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். அவரை அழைத்த கொரிய இறகுப்பந்துச் சங்கத்தின் தலைவர் யார் தெரியுமா? கிம் டோங்-மூன். 1996-ல் அட்லாண்டாவில் அவர் கையிலிருந்து தங்கத்தைப் பறித்தவர். அன்று பார்க்கோடு ஆடிய ரா கியுங்-மின்னைப் பிறகு மணந்தவரும் அவரே. அந்த ஆண்டு உலகச் சாம்பியன் போட்டியில் கொரியாவின் சியோ சியுங்-ஜே, கிம் வோன்-ஹோ ஆண்கள் இரட்டையர் தங்கம் வென்றார்கள். அதில் பார்க்கின் பங்கை அளந்து சொல்ல அந்தச் சில மாதங்கள் போதாது; தயாரான ஜோடியைத்தான் அவர் பெற்றார்.

அவருடைய கையெழுத்தை ஆட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டால், ரியோ மகளிர் இரட்டையர் இறுதியின் மூன்றாவது கேமைத் தேடிப் பாருங்கள். டென்மார்க்கின் கமிலா ரிட்டர் யூல், கிறிஸ்டினா பெடர்சன் ஜோடி 19-16 என்று முன்னிலை. அங்கிருந்து ஜப்பான் தொடர்ந்து ஐந்து புள்ளி எடுத்து 21-19 என்று முடித்தது. ஷட்டிலைப் பார்க்காதீர்கள். தகாஹாஷி பின்னாலிருந்து அடிக்கும்போது மட்சுடோமோ எங்கே நிற்கிறார், மட்டையை எந்த உயரத்தில் வைத்திருக்கிறார், கண் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு 1991 கோபன்ஹேகன் இறுதிப் போட்டியின் காணொளி கிடைத்தால், அதில் கிம் மூன்-சூவுக்கு முன்னால் நிற்பவரைப் பாருங்கள்.